கூழும் கிணறும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் நம் யாழ்ப்பாணக் குடாநாடு. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மாரி, சுண்ணாம்புக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. குடிப்பதற்கும் தோட்டஞ் செய்வதற்கும் பெரும்பாலும் இதுவே நம் முதல். அம்முதல் எவ்வாறு செலவாகிறது என்பதை அறிய, நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கே சென்று பார்ப்போம்.

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கங்களில் செம்மண் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தாகின்றன. வெங்காயம், மிளகாய், புகையிலை யாவும் கோடையில் கிணற்றுநீரை நம்பியே வளர்வன. முன்னாளில் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீர் இறைப்பார். ஆள் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று. இறைக்கும் யந்திரம் வந்தபின் அவ்விளைப்பாறுதல் குறைந்தது. அளவுமீறி இட்ட உரத்தால், இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் குடிநீர் எல்லையையும் கடந்துள்ளது.

அங்கிருந்து புத்தூர்ப் பக்கம் திரும்பினால், நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைக் காணலாம். இராமபிரானின் அம்பினால் தோன்றியது என்பது கர்ணபரம்பரைக் கதை. மேலே நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர். நம் நிலத்தடியின் நிலையை இக்கிணறு வெளிப்படையாகவே காட்டுகிறது. நன்னீரை மிகையாக இறைத்தால் உவர் மேலேறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதற்கும் நம் உணவிற்கும் யாது தொடர்பு? ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு ஏறக்குறைய 15,400 லீற்றரும், அரிசிக்கு 2,500 லீற்றரும், காய்கறிக்கு 300 லீற்றரும் செலவாவதாக உலகச் சராசரிக் கணக்குக் கூறுகிறது. ஆயினும் எவ்வளவு நீர் என்பதோடு, எந்த நீர் என்றும் நாம் கேட்டல் வேண்டும். வெங்காயத்தின் கணக்குச் சிறியதே. ஆனால் இங்கே அது கிணற்றுநீர். மானாவாரியாக விளையும் மொட்டைக்கறுப்பன் நெல்லின் கணக்குப் பெரியதே. ஆனால் அது மழைநீர்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அடுக்களையிலே கண்டனர். பனைக்கு எவரும் நீர் இறைப்பதில்லை. மாரியில் முளைத்த பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அம்மாவை ஊறவைத்துக் கசப்பு நீக்கிக் கூழ் காய்ச்சுவர். வேலியோர முருங்கையிலை அதிற் சேரும்; மீன் உண்போர் இடும் கடல்மீனுக்கோ கிணற்றுநீர் ஒரு துளியும் வேண்டியதில்லை. குளித்த நீரும் வீணாகாமற் கிணற்றடி வாழைக்குப் பாயும்.

இன்று நீரைத் தொலைவிலிருந்து தேடுகிறோம். இரணைமடுக் குளத்து நீரை இங்கு கொணரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். தம் வயல் காய்ந்துவிடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. பின்னர், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் நன்னீரைப் பெறும் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. அது பெரும் உதவியே. ஆயினும் மின்சாரம் செலவிட்டுப் பெறும் அந்நீரைத் தோட்டங்களுக்குப் பாய்ச்ச இயலாது.

வெங்காயத்தை விலக்குக என்று நாம் கூறவில்லை. அதுவே பல குடும்பங்களின் பிழைப்பு. வாங்கியதை அழுகவிடாது உண்போம். வாரத்தில் ஒருநாளேனும் ஒடியற் பிட்டோ கூழோ நம் வீட்டில் ஆகட்டும். மானாவாரி நெல்லைக் கேட்டு வாங்குவோம். வாங்குவோர் இருந்தாலன்றோ விதைப்போர் இருப்பர்? நம் பிள்ளைகளின் கிணறு உவராவதும் ஆகாததும், தோட்டத்தைப் போலவே நம் அடுக்களையையும் பொறுத்தது.