டிஸ்னிலேண்டுக்குப் போன நாய்கள்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் குடியிருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "டீச்சர், லீவுக்கு பாரிஸ் டிஸ்னிலேண்ட் போகலாம்னு இருக்கோம். நாயை விட்டுட்டு வர மாட்டோம்னு பிள்ளைங்க ஒரே அடம். நீங்க உங்க மக குடும்பத்தோட ரெண்டு நாயையும் கூட்டிட்டுப் போனீங்களே, எப்படிப் போனீங்க?" என்று கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் நாய் வளர்க்கிறீர்கள், உங்களுக்கும் உதவும். ஊரில் இருப்பவர்கள் "நாய்க்கு எதுக்கு டிஸ்னிலேண்ட்?" என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள், அவசரமில்லை.

நாங்கள் போனது 2024 ஏப்ரலில். மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி, நான். கூடவே டைகர், லட்டு. டைகர் பன்னிரண்டு வயது லேப்ரடார், பின்னங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்து போனவன். லட்டுவுக்கு மூன்று வயது. சுருட்டை முடிக்காரி, ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

நாய்களைக் காசு கட்டி விட்டுப் போகும் காப்பகம் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வருடம் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் ஊருக்கு வந்தபோது மூன்று வாரம் அப்படி ஓரிடத்தில் விட்டிருந்தார்கள். திரும்பிப் போய் அழைத்து வந்தபோது டைகருக்கு விலா எலும்பு தெரிந்ததாம். பேத்தி அதை மறக்கவே இல்லை. "டைகர் வரலைன்னா நானும் வரலை அம்மாச்சி" என்று என்னிடம் மட்டும் வந்து சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை அழாமல், கத்தாமல் ஒன்றைச் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தனை வருடம் வகுப்பில் நின்றதில் எனக்குத் தெரிந்த விஷயம் அது. அப்படித்தான் இரண்டையும் கூட்டிப் போவது என்று முடிவானது.

முடிவு எடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். முதலில் வழி. இங்கிலாந்துக்குத் திரும்பி வரும்போது விமானத்தில் நாயை நம் காலடியில் வைத்துக்கொண்டு வர முடியாது, சரக்காகத்தான் வர வேண்டும். லண்டனிலிருந்து பாரிசுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலிலும் பார்வையற்றோருக்கு உதவும் நாய்கள் போன்றவை தவிர மற்ற நாய்களுக்கு இடமில்லை. மிச்சம் இருப்பது கார்தான். காரைக் கப்பலில் ஏற்றலாம், இல்லாவிட்டால் கடலுக்கு அடியில் போகும் சுரங்க ரயிலில் ஏற்றலாம். நாங்கள் சுரங்க ரயிலில் போனோம். ஃபோக்ஸ்டனில் காரோடு உள்ளே ஏறினால் 35 நிமிடத்தில் காலே. நாமும் காரிலேயே உட்கார்ந்திருக்கலாம், நாயும் நம்மோடேயே இருக்கும். டைகர் போன்ற கிழவனுக்கு அதுதான் ஏற்றது.

அடுத்தது காகிதம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை நாய்க்கு ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் கொடுத்த அந்தப் பாஸ்போர்ட் செல்லாது. நாங்கள் போனபோது ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக விலங்கு நலச் சான்றிதழ் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் புறப்படுவதற்கு முந்தின பத்து நாளுக்குள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருந்தது. அதற்கு முன்பே நாய்க்கு மைக்ரோசிப் வைத்து, அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, முதல் ஊசி என்றால் 21 நாள் காத்திருந்திருக்க வேண்டும். ஒரே சான்றிதழில் ஐந்து விலங்குகள் வரை சேர்க்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். மருத்துவர் கட்டணம் நூறு பவுண்டைத் தாண்டியது. இடத்துக்கு இடம் மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். பழையபடி பாஸ்போர்ட்டைக் கொண்டுவர 2025 மே மாதம் பிரிட்டனும் ஒன்றியமும் பேசி ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே போகும்போது என்ன நடைமுறை என்று அரசின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள், என் பதிவை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு மகள் சொன்னாள், 2000 வரைக்கும் வெளியிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் தனியாக அடைத்து வைத்த பிறகுதான் இங்கிலாந்துக்குள் விடுவார்களாம். எல்லாம் வெறிநாய்க்கடி நோயின் பயம். நம் ஊரில் நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. (இந்தியாவிலிருந்து நாயை அங்கே கொண்டுபோக நினைக்கும் உறவுகள் கவனிக்க: ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. விசா கிடைத்த பிறகு நாயைப் பற்றி யோசித்தால் காலம் போதாது.)

போவதை விடத் திரும்பி வருவதில்தான் சிக்கல். திரும்பி பிரிட்டனுக்குள் நுழையும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுத்து 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், 120 மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. ஐரோப்பாவில் நரிகளிடம் ஒரு வகை நாடாப்புழு இருக்கிறது. அது நாய் வழியாக மனிதருக்கு வந்தால் ஈரலைக் கெடுக்கும். பிரிட்டனில் அந்தப் புழு இல்லை, வரவிடக் கூடாது என்பதுதான் காரணம். மருந்து கொடுத்த தேதி, நேரம் இரண்டையும் மருத்துவர் சான்றிதழில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீண்ட பயணம் என்றால் பிரான்சிலேயே ஒரு மருத்துவரிடம் போகலாம். எங்களுடையது குறுகிய பயணம். ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை மாலை 5.30க்கு இங்கிலாந்திலேயே கொடுத்துவிட்டோம். 120ஐ 24ஆல் வகுத்தால் 5. சனிக்கிழமை மாலை 5.30க்குள் திரும்பிவிட வேண்டும்.

செவ்வாய் காலை காலேயில் இறங்கி மூன்று மணி நேரம் காரில். இரண்டு இடத்தில் நிறுத்தி நாய்களுக்குத் தண்ணீர் காட்டினோம். டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் லான்யி என்று ஒரு சிற்றூர், மார்ன் ஆற்றின் கரையில். அங்கே நாய்களை அனுமதிக்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பாரிஸ் டிஸ்னிலேண்டில் பூங்காவுக்குள்ளும் சரி, அவர்களுடைய ஓட்டல்களிலும் சரி, உதவி நாய்கள் தவிர மற்ற நாய்களை விடுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஃபுளோரிடா டிஸ்னியில் 2017 முதல் சில ஓட்டல்களில் நாயோடு தங்க விடுகிறார்கள். அங்கேயும் பூங்காவுக்குள் கூட்டிப் போக முடியாது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. நாய் நுழையக் கூடாத அந்த இடத்தில் குழந்தைகள் ஓடி ஓடிக் கட்டிப்பிடிப்பது யாரை? புளூட்டோ, நாய். கூஃபி, அதுவும் நாய்தான். சட்டை போட்டு இரண்டு காலில் நடந்தால் அனுமதி உண்டு போலிருக்கிறது.

நிஜ நாய்களுக்கு வாகன நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பராமரிப்பு மையம் வைத்திருக்கிறார்கள். பணம் கட்டி, தடுப்பூசிக் காகிதத்தைக் காட்டிவிட்டு, பகலில் விட்டுப் போகலாம். புதன்கிழமை இரண்டையும் அங்கே விட்டோம். சுத்தமான இடம். அங்கிருந்த பெண்ணும் அன்பாகப் பேசினாள். லட்டு வாலை ஆட்டிக்கொண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். டைகர் கதவைப் பார்த்து நின்றான். உட்காரக்கூட இல்லை.

மதியம் மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டைகர் சாப்பாட்டைத் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றார். அவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் பேத்தியின் காதில் விழுந்துவிட்டது. பீட்டர் பான் சவாரிக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, கிட்டத்தட்ட முறை வந்த நேரத்தில், "எனக்கு வேண்டாம்" என்று வெளியே வந்துவிட்டாள். மகளுக்குக் கோபம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து, லீவு போட்டு, இத்தனை காகிதம் புரட்டி வந்து, பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் எந்தத் தாய்க்கும் கோபம் வரத்தான் செய்யும். பேரனுக்கோ தங்கச்சியால் தன் சவாரி கெட்டதே என்று அழுகை. மந்திரக் கோட்டைக்கு முன்னால் நின்று ஒரு குடும்பமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. படம் எடுத்திருக்கிறேன், இங்கே போட அனுமதி இல்லை!

அன்று இரவு நான் சொல்லிவிட்டேன், "நாளையிலிருந்து நான் வீட்டுல டைகரோட இருக்கேன். லட்டுவை மட்டும் அங்க விட்டுட்டு நீங்க போங்க." மாப்பிள்ளை பதறிப்போய், "அத்தை, உங்களுக்குன்னு டிக்கெட் எடுத்தாச்சே, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்றார். தியாகம் எல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சுழலும் தேநீர்க் கோப்பையில் ஒரு முறை ஏறியதிலேயே எனக்குத் தலை சுற்றல் நிற்கவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். இளநாய், யாரோடும் ஒட்டிக்கொள்ளும் நாய் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். வயதான நாய் என்றால், அதற்குப் பழகிய ஆள் யாராவது உங்கள் வீட்டிலேயே வந்து தங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், பூங்காவை விட்டுக்கொடுக்கத் தயாராக உங்களில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் சண்டைதான். தயவு செய்து எக்காரணத்தைக் கொண்டும் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மிதமான வெயிலில்கூட மூடிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

வியாழக்கிழமை டைகருக்குத் தயிர்சாதம் குழைத்துப் பிசைந்து, உப்பில்லாமல், கையில் வைத்துக் காட்டினேன். மோந்து பார்த்தான், யோசித்தான், நக்கினான். தட்டில் வைத்தால் தொடமாட்டான், கையில் வைத்தால்தான் சாப்பிடுவான். சரி என்று கையிலேயே ஊட்டினேன். என் பேரனுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாக ஊட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பேத்தியும் என்னோடு தங்கிவிட்டாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மூன்று பேரும் மார்ன் கரையோரம் நடந்தோம். டைகர் நடக்கும் வேகமும் என் முழங்கால் தாங்கும் வேகமும் ஒன்றுதான். ரொட்டிக்கடையில் நீளமான ரொட்டி வாங்கிப் பிய்த்துத் தின்றோம். ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தபோது, கேட்காமலே டைகருக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பிரான்சில் கடைகளில் நாயைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் சரிவாக ஓரிடம். டைகர் தானாக இறங்கி, முன்னங்கால் இரண்டையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். பேத்தி அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்மாச்சி, டைகர் செத்துப் போயிடுவானா?" என்று கேட்டாள். "ஆமாம் தங்கம், எப்பவாவது" என்றேன். "இங்கயா?" என்றாள். "இங்க இல்ல. வீட்டுக்குப் போயிருவோம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பேரன் ஒரு சவாரி பாக்கி இருக்கிறது என்றான். மாப்பிள்ளைக்கும் ஆசை. மதியம் வரை இருந்துவிட்டு மாலை ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். "பிரான்ஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுது, நமக்கு 6.30 வரைக்கும் நேரம் இருக்கு அத்தை." கணக்கு சரிதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்து வழி அடைத்தால்? கெடு தாண்டினால் மறுபடி மருந்து கொடுத்து, அதன்பின் இன்னும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம், டைகருக்கு இன்னொரு ராத்திரி அந்நிய வீடு. நான் வாயைத் திறக்கும் முன் மகளே, "வேண்டாம், கிளம்புவோம்" என்றாள்.

காலேயில் விலங்குகளுக்கென்று தனி அலுவலகம். அங்கே ஸ்கேனரை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள், நாம்தான் நாயின் கழுத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பேத்திதான் காட்டினாள். 15 இலக்க எண். அலுவலர் காகிதத்தோடு ஒப்பிட, நானும் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் காகிதத்தில் மருந்து கொடுத்த நேரத்தை எழுதாமல் விட்டிருந்தார்கள். அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நாங்கள் கிளம்பும்போதும் அந்தப் பிள்ளைகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. கையெழுத்து வாங்கும்போதே தேதி, நேரம், முத்திரை மூன்றையும் மருத்துவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

டைகர் அந்த வருடம் நவம்பரில் போய்விட்டான். வீட்டில், தன் பாயில். நான் அப்போது ஊருக்கு வந்துவிட்டேன், வீடியோவில்தான் பார்த்தேன். லட்டுவை இந்த முறையும் டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். மாப்பிள்ளை மருந்து நேரத்தையும் ரயில் நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்பியிருந்தார், சரிபார்க்கச் சொல்லி. பார்த்தேன். எட்டு மணி நேரம் கையிருப்பு வைத்திருக்கிறார்.