கோவைப் பந்தயக் கார்ப் பட்டறைகளும் தொழிலாளரும்

கோயம்புத்தூரில் பந்தயக் கார் செய்யும் தொழில் தனித்து முளைத்த ஒன்றன்று. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் பின்னர் பம்பு, மோட்டார் உற்பத்தியிலும் இறங்கி, இரும்பை வெட்டவும் கடையவும் பற்றவைக்கவும் தெரிந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வைத்திருந்தன. அந்தக் கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததனால்தான், கோவைப் பந்தய ஓட்டுநர் எஸ். கரிவர்தனால் 1980களில் மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்ய முடிந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தம் தொடக்கப் பந்தயங்களை ஓட்டியது அவ்வகைக் காரில்தான். 1995இல் மறைந்த கரிவர்தனின் பெயரைச் செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது.

இப்பட்டறைகளின் வேலையைப் புரிந்துகொள்ள, அவை செய்யும் கார்கள் பெரும்பாலும் 'ஒரே வகைக் கார்ப் பந்தயங்களுக்கு' உரியவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய பந்தயத்தில் எல்லாரும் ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே சட்டகம் கொண்ட கார்களையே ஓட்டுவர். எவரும் உள்ளே கைவைக்காதபடி எஞ்சின் முத்திரையிடப்படுவதும் உண்டு. ஆகவே இங்கே கைவினைஞரின் திறமை ஒரு காரை மற்றதைவிட வேகமாக்குவதில் இல்லை, வரிசையாக நிற்கும் கார்கள் அனைத்தையும் ஒன்றுபோலச் செய்வதில் இருக்கிறது. உலகின் பெரிய அணிகள் வேறுபாட்டுக்காகக் கோடி கோடியாகச் செலவிடும்போது, வேறுபாடே இல்லாமல் செய்வது அதற்குச் சற்றும் குறையாத பொறியியல் என்பதைப் பந்தய ஆர்வலர்கள்கூட அரிதாகவே ஒப்புக்கொள்கின்றனர்.

காரின் எலும்புக்கூடாகிய சேசிஸ், எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துச் செய்யப்படுகிறது. நாற்கோணம் நெருக்கினால் சாய்ந்துவிடும், முக்கோணம் பக்கம் முறியாமல் வடிவம் மாறாது என்பதே இதன் அடிப்படை. ஒரு குழாய் இன்னொன்றின் மீது சாய்ந்து உட்காரும் இடத்தில், அதன் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, அரத்தால் ராவி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து மேலே எரியும் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார் வெல்டர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் அரம்தான். இடைவெளியைப் பற்றுக்கம்பியை உருக்கி நிரப்பிவிடலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அவ்வாறு நிரப்பிய மூட்டு கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தாலும், வெப்பம் கூடுதலாக ஏறியதனால் ஆறும்போது குழாயை ஒரு பக்கமாக இழுத்துவிடும். இந்த இழுப்புக்கு அஞ்சியே சட்டகம் முழுவதையும் ஜிக் எனப்படும் கனத்த அச்சுத் தாங்கியில் இறுக்கி, எல்லா மூட்டுகளிலும் முதலில் டேக் எனப்படும் சிறுசிறு தற்காலிகப் பற்றுகளை அடித்து, பிறகு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றி ஆர்கான் வெல்டிங் செய்கின்றனர். கோலப் புள்ளிகளைப் போல வரிசை தவறாமல் செல்லும் இந்த ஒழுங்கு பெரும்பாலும் எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. மூத்தவர் கைக்குப் பக்கத்தில் நின்று இளையவர் கற்றுக்கொள்வது அது.

மேலுடல் ஃபைபரால் ஆனது. மெழுகு பூசிய அச்சில் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி ஏற்றி, இறுகியபின் உரித்தெடுக்கும் இவ்வேலையில் நுட்பத்தைவிடத் தொல்லையே மிகுதி. ஓரங்களைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலில் அரிப்பையும் மூச்சில் எரிச்சலையும் உண்டாக்கும் என்று தெரிந்திருந்தும், முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்வோரைக் காணலாம். ஓட்டுநருக்குத் தீப்பிடிக்காத உடை கட்டாயம் என்னும் விளையாட்டில், காரைச் செய்பவர் முறையான முகக்கவசமின்றி வேலை செய்வது நியாயமன்று.

சக்கரங்களை நேர்படுத்தும் வேலைக்கு இன்று லேசர் கருவிகள் கிடைத்தாலும், பந்தயக் களத்தில் கார்களைச் சரிசெய்யும் இடமான பிட்டில் நைலான் நூலே இன்னும் ஆட்சி செய்கிறது. காரின் இரு பக்கமும் நடுக்கோட்டுக்கு இணையாக நூலை இழுத்துக் கட்டி, சக்கர வளையத்தின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூல்வரை உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு சக்கரம் உள்நோக்கியா வெளிநோக்கியா திரும்பியிருக்கிறது என்று கணிக்கின்றனர். இருக்கையில் ஓட்டுநரின் எடைக்குச் சமமாக மணல் மூட்டை வைத்த பிறகே அளவு எடுக்கப்படும். ஆளில்லாத காரின் அளவு ஆள் ஏறியதும் மாறிவிடும் என்பதே காரணம். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் அது அமர்ந்திருக்கும் பரப்புவரை பெயிண்டால் ஒரு கோடு இழுக்கப்படுகிறது. கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பந்தயப் பருவம் ஆண்டின் சில மாதங்களே நீடிப்பதால், இத்தொழிலாளர் பலரும் எஞ்சிய காலத்தில் பம்பு உறைகளையும் நெசவு எந்திரப் பாகங்களையும் செய்தே வாழ்கின்றனர். ஐ.டி.ஐ. படித்து வந்தவர்களும், எடுபிடியாகச் சேர்ந்து வேலை பழகியவர்களும் அவர்களுள் உண்டு. காரின் பக்கவாட்டில் ஓட்டுநரின் பெயரும் இரத்த வகையும் எழுதப்படுகின்றன. அந்தக் காரின் மூட்டுகளைப் பற்றவைத்தவரின் பெயர் பந்தய நிகழ்ச்சிக் குறிப்பேட்டில்கூடப் பொதுவாக இடம்பெறுவதில்லை. அதைச் சேர்க்க ஒரு வரி போதும். பந்தய அமைப்பாளர்கள் வரும் பருவத்திலேனும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.