முதலில் மட்டம் பாருங்கள்

ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான சோலூருக்கே திரும்பிய என்னை மறுபடி எழுத வைத்தது ஒரு பேச்சு. "கம்பித் துண்டுகளைக் குலுக்கிப் பார்க்கும் காலம் போய்விட்டது, சிமுலேஷனே போதும்" என்றார் ஓர் இளம் ஆய்வாளர். அரங்கில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

தானாக இயங்கும் துகள்களின் கூட்டத்தை ஆராயும் ஆக்டிவ் மேட்டர் துறையில் நம் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததில் அந்தக் கம்பித் துண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. 2003-இல் இயற்பியலாளர்கள் ஸ்ரீராம் ராமசாமி, அதிதி சிம்ஹா, ஜான் டோனர் மூவரும் ஒரு கணிப்பைச் சொன்னார்கள். சாதாரணமாகப் பத்தாயிரம் துகள் உள்ள பரப்பில் எண்ணிக்கை நூறு கூடும், குறையும். தானாக இயங்கும் நெமாட்டிக்கில், அதாவது நீள் துகள்கள் ஒரே அச்சில் வரிசைப்படும் கூட்டத்தில், இந்த வர்க்கமூலக் கணக்கு செல்லாது. ஏற்ற இறக்கம் சராசரிக்கு நேர்விகிதத்திலேயே பெருகும். 2007-இல் விஜய் நாராயண், ராமசாமி, நாராயணன் மேனன் மூவரும் அதிரும் தட்டில் செம்புக் கம்பிகளைப் பரப்பி அதைக் காட்டினார்கள். 2008-இல் 'சயின்ஸ்' இதழிலேயே எதிர்க்கேள்வி வந்தது: உருண்டைத் துகள்களிலும், அடர்த்தி ஓரிடத்தில் நிலையாகக் கூடினாலே, இப்படித் தெரியுமே?

அந்தக் கேள்விக்குப் பதில் தட்டின் மட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சரிவில் வைத்ததெல்லாம் கீழே உருளும். அதை யாரும் ஒழுங்கு என்று சொல்வதில்லை. தட்டு மயிரிழை சாய்ந்தாலும் கம்பிகள் ஒரு பக்கம் ஒதுங்கும். இவ்வளவு நுண்ணிய சாய்வைச் சாதாரண ரசமட்டம் காட்டாது. கொஞ்சம் கம்பிகளை மட்டும் போட்டு, எங்கே சேர்கின்றன என்று நெடுநேரம் படமெடுக்க வேண்டும். பிறகு தட்டைக் கால்வட்டம் திருப்பி மறுபடி ஓட்ட வேண்டும். கூட்டம் தட்டோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு தட்டில். பழைய மூலையிலேயே நின்றால் சாய்வு மேசையில். மேசையின் திருகைத் தொட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் கம்பி முனையில் பிசிறு இருந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தட்டை மூடும் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறினால் துண்டுகள் மேலே ஒட்டும். இத்தனையும் ஒழிந்த பிறகும் எஞ்சி நிற்கும் ஒழுங்கைத்தான் துகள்களின் சொந்த ஒழுங்கு என்று சொல்லலாம்.

இயற்பியலாளர் விக்செக் 1995-இல் இத்தகைய துகள் கூட்டங்களைக் கணினியில்தான் ஆராயத் தொடங்கினார். அந்த வழியை மதிக்கிறேன். ஆனால் கணினியில் தட்டு மட்டமாக இருப்பது நாம் அப்படி எழுதியதால். நாம் எழுதாத எதுவும் அங்கே வந்து நம்மை மறிக்காது. இன்றைய ஆய்வேடுகளில் வண்ண அம்புகள் நிறைய. சரிபார்த்த கணக்கு அரைப் பத்திகூட இல்லை. தேர்வாளர்களும் கேட்பதில்லை.

கேளுங்கள். பட்டம் கொடுக்கும் முன், மட்டம் பார்த்த பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.