கடைசி இலக்கம் எல்லாம் பூஜ்யம்

"பட்டியல் வருதுண்ணா. ஏதாவது பார்சலை கிளிக் பண்ணினாத்தான் 404" என்று திரையை என் பக்கம் திருப்பினார் அந்த இளைஞர். ஒரு கூரியர் அலுவலகத்துக்கான மென்பொருள். பின்னால் பைத்தான் சர்வர், முன்னால் ஜாவாஸ்கிரிப்ட். "ஜேசன் சரியாத்தான் போகுது" என்றார் அடுத்த மேஜையில் இருந்த சர்வர்காரர். இருவரும் சொன்னது உண்மைதான்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். பார்சல் எண்கள் 18 இலக்கம். ஒன்றுவிடாமல் பூஜ்யத்தில் முடிந்தன. தற்செயலாக அப்படி அமையாது.

க்ரோமில் நெட்வொர்க் பகுதியைத் திறக்கச் சொன்னேன். பிரிவியூவில் பூஜ்யத்தில் முடிந்த எண், ரெஸ்பான்ஸில் 7-இல் முடிந்தது. ரெஸ்பான்ஸ் காட்டுவது சர்வர் அனுப்பிய எழுத்து. பிரிவியூ காட்டுவது அதைப் பார்ஸ் செய்தபின் கிடைப்பது. ஏபிஐ தகராறு எதுவானாலும் முதலில் ரெஸ்பான்ஸைத்தான் பார்க்க வேண்டும். பலர் பிரிவியூவோடு நின்றுவிடுகிறார்கள், பிறகு சர்வரைக் குறை சொல்கிறார்கள்.

இளைஞர் கன்சோலில் 9007199254740993 என்று அடித்து என்டர் தட்டினார். 9007199254740992 என்று வந்தது. மறுபடி அடித்துப் பார்த்தார், அதே விடை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம். அதைத் தாண்டினால் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒதுங்கிவிடும், பிழைச்செய்தியே வராது. ஜேசன் விதிகளில் எண்ணின் நீளத்துக்கு வரம்பு இல்லை. பைத்தானும் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும். அதனால்தான் சர்வர் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கிளிக் பண்ணும்போது மாறிப்போன எண் சர்வருக்குத் திரும்பிப் போக, அப்படி ஒரு பார்சல் இல்லை என்று 404 வந்தது.

"ரிவைவர் ஃபங்ஷன்ல சரி பண்ணிடலாமாண்ணா?" என்றார். பார்ஸ் ஆன மதிப்பைத் திருத்தப் பயன்படும் ஃபங்ஷன் அது; பழைய பிரவுசர்களில் மதிப்பு அதன் கைக்கு வரும்போதே இலக்கம் போயிருக்கும். சர்வரிலேயே எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு, சரமாக அனுப்புவதுதான் நம்பகமான வழி. பார்சல் எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை, பெருக்கப்போவதில்லை. அது எண்ணாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

சர்வர்காரர் தயங்கினார். பழைய மொபைல் ஆப் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறது, சரம் போனால் அது விழுந்துவிடும். நியாயமான கவலை. 2010-இல் ட்விட்டருக்கும் இதே சிக்கல் வந்தது. ஐடி எண்ணை அப்படியே விட்டு, பக்கத்திலேயே சரமாக இன்னொரு புலத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். இங்கும் அதையே செய்து, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அந்தச் சரப் புலத்தைப் படிக்க வைத்தோம். திரையில் பட்டியலைப் புதுப்பித்ததும் எண்கள் 7, 3, 4 என்று முடிந்தன. முதல் பார்சலை கிளிக் பண்ணினார், திறந்தது.