பண்டிகைப் பொதியும் பாலர் கைத்திறனும்

ஒருவர்க்கு ஒரு பொருளை நல்குங்கால், அப்பொருளை மாத்திரமன்றி, அதனை ஆயத்தஞ்செய்யச் செலவிட்ட நேரத்தையும் உடன் நல்குகின்றோம். இவ்வுண்மையைப் பெரியோர் மறப்பினும் சிறார் மறப்பதில்லை. கடையில் வாங்கிய பளபளப்பான தாளிற் பொதிந்த பரிசு நொடியிற் பிரிக்கப்பட, தாள் குப்பையைச் சேரும். சிறுவர் தம் கையால் அச்சிட்ட தாளுக்கோ வேறு மதிப்புண்டு. இதனை யாம் நேரிற் கண்டது 2018ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலாம்.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், கஜா என்னும் பெரும்புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்து, புதுக்கோட்டைச் சீமையையும் அலைத்துச் சென்றது. எம் தமக்கையார் வாழும் வல்லத்திராக்கோட்டைக்கு யாம் டிசம்பர் மூன்றாம் வாரத்திற் சென்றபொழுது, அவர்தம் தோட்டத்துத் தென்னைகளும் வாழைகளும் விழுந்தபடியே கிடந்தன. வீட்டில் விளக்கில்லை. “இந்த வருஷம் நமக்குப் பண்டிகை வேண்டாம், தம்பி” என்றார் தமக்கையார். அவர் மக்கள் மூவரும் ஒன்றும் பேசாது எம் முகத்தை நோக்கினர்.

வீட்டில் நிலக்கடலையும் வெல்லமும் இருந்தன. அவற்றை உருண்டை பிடித்து, அண்டை வீட்டார்க்கும், மின்கம்பம் நடுவதற்கு வெளிமாவட்டத்திலிருந்து வந்து தங்கியிருந்த தொழிலாளர்க்கும் கொடுப்பதெனச் சிறாரோடு கூடித் தீர்மானித்தோம். “பொதிவதற்கு அழகான தாள் வேண்டுமே, மாமா!” என்றாள் எட்டு வயதுச் சிறுமி. “நாமே செய்வோம்” என்றோம்.

பழைய பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதாது எஞ்சிய பக்கங்களைப் பிரித்து, கஞ்சிப் பசையால் இரண்டிரண்டாக ஒட்டினோம். மஞ்சட்பொடியைக் கெட்டிக் கஞ்சியிற் குழைக்க ஒரு நிறம் கிடைத்தது. தோட்டத்துச் செம்மண்ணைத் துணியிற் சலித்துக் குழைக்கக் காவி நிறமும், அடுப்புக்கரியைப் பொடித்துக் குழைக்கக் கருநிறமும் கிடைத்தன. மஞ்சட் குழம்பில் யாம் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது செக்கச் செவேலென்று மாறிற்று. “மஞ்சளுக்குக் கோபம் வந்துவிட்டது, மாமா!” என்று கைகொட்டி ஆர்த்தான் ஐந்து வயதுச் சிறுவன். சுண்ணாம்பும் கத்தியும் பெரியோர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சொல்லி வைக்கின்றோம்.

அச்சுக்கு வெண்டைக்காயைக் குறுக்கே அறுத்தோம். அது ஐந்திதழ்ப் பூவாயிற்று. சாய்ந்த வாழையின் இலைக்காம்பைக் குறுக்கே அறுக்க, சிறு சிறு அறைகள் நிறைந்த பிறை ஒன்று தாளில் விழுந்தது. இளையவனோ, காயும் காம்பும் வேண்டாவென்று தன் பெருவிரலையே அச்சாக்கிக் கொண்டான். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறுமாதலால் தாள்களை நிழலில் உலர்த்தினோம். மறுநாட் காலையில் யாரும் அழையாமலே தமக்கையார் வந்தமர்ந்து, விழுந்த வாழைகளின் பட்டையில் நார் கிழிக்கத் தொடங்கினார். உலர்ந்த நார் ஒடியாதிருக்க அதனை நீரில் நனைக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகட்குக் கற்பித்தவரும் அவரே. உருண்டைகளை வாழையிலையிற் சுற்றி, அதன்மேல் அச்சிட்ட தாளைப் பொதிந்து, மளிகைக் கடைப் பொட்டலம்போல் நாராற் கட்டினோம்.

கம்பம் நடும் தொழிலாளருள் ஒருவர், நாரை மெல்ல அவிழ்த்து, உருண்டைகளைத் தம் தூக்குப் பாத்திரத்தில் இட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ஊரில் என் மகளுக்குக் காட்டவேண்டும்” என்றார். “அதில் என் விரல் இருக்கிறது” என்றான் இளையவன்.

தட்டுப்பாட்டிலிருந்து புதியதொன்று தோன்றுதல் இவ்வூரில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் ஹால் சகோதரர் கடையிற் பரிசு பொதியும் மெல்லிய தாள் தீர்ந்துபோகவே, கடித உறைகளின் உட்புறம் ஒட்டும் சித்திரத்தாளை அவர்கள் விற்றனர். அது உடனே விலைபோயிற்று. பிற்காலத்துப் பரிசுத்தாள் வாணிகம் அதிலிருந்து வளர்ந்தது. இன்று கடைகளில் மின்னும் தாள்களுட் பல பிளாஸ்டிக் பூசப்பெற்றவை. ஒன்றைக் கையிற் கசக்கி விடுக. கசங்கியபடி இராது மீண்டும் விரியுமாயின், அது பெரும்பாலும் மறுபடியும் தாளாக்க உதவாதது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு தடைசெய்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! நும் இல்லத்துச் சிறாரை அருகழைத்து, ஒரு வெண்டைக்காயும் சிறிது மஞ்சளும் எடுத்து அமர்மின். கோணலாக விழும் அச்சைத் திருத்தாதீர். அதை அவ்வாறே விடுமின். பொருள் குறைந்த காலத்திலும் கொடுப்பதற்கு ஒன்றுண்டு என்னும் துணிவை அச்சிறார் அவ்விளையாட்டிலேயே பெறுவர். எந்நாளும் அவரைவிட்டு நீங்காத செல்வம் அதுவேயாம்.