அரண்மனையில் இரு கைம்பெண்கள்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஒரு வழக்கு நடைபெற்றது. வழக்குமன்றம், நெய்வேலி நகரியத்தில் என் தந்தையாருக்குத் தரப்பட்டுள்ள குடியிருப்பு. வழக்கின் பொருள், என் தமக்கை. நீதிபதியாக அமர்ந்தவர், திருக்கோவலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வந்த பெரியப்பா.

மஞ்சட்காமாலைக்குக் கணவனைப் பறிகொடுத்து நான்காண்டுகளாக அக்கா எங்களோடு இருக்கிறார். ஏழு வயதில் ஒரு மகன். மந்தாரக்குப்பத்தில் அச்சகம் நடத்தும் தோழரொருவர், "மகனையும் என் மகனாகவே ஏற்கிறேன்" என்று கூறி மணக்க முன்வந்தார். அக்கா மறுக்கவில்லை. அம்மா அழுதார், பின்னர் ஒப்பினார். பெரியப்பா ஒப்பவில்லை.

பெரியப்பா படிக்காதவரல்லர். வரலாற்றுப் புதினங்களை விரும்பிப் படிப்பவர். "இராசராசனைப் பெற்ற தாய் யார் தெரியுமா? எங்கள் திருக்கோவலூர் மலையமான் குடிப்பெண். கணவன் மறைந்ததும் அவனோடு தீயிற் புகுந்தவள். அப்படிப்பட்ட தமிழ்க் குடியில் பிறந்துவிட்டு மறுமணமா?" என்றார். வரலாற்று ஆசிரியன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகின்ற நான் அன்று வாயடைத்து நின்றேன். ஏனெனில் அவர் சொன்னது பொய்யன்று!

தோழர்களே, மெய்தான். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில், இராசராசனின் 27-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1012-இல் வெட்டப்பட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது. இராசராசனின் தந்தை சுந்தரசோழன், காஞ்சியின் பொன்மாளிகையில் உயிர்நீத்தான். அரசி வானவன்மாதேவி, பால்மணம் மாறாத குழந்தையைப் பிரிந்து கணவனைத் தொடர்ந்தாள். திருவாலங்காட்டுச் செப்பேடும் அவள் கணவனோடு சென்றதைப் போற்றிப் பாடுகிறது. போற்றியவர்கள் புலவர்கள். தாயை இழந்த குழந்தையை எவரும் கேட்டு எழுதவில்லை.

ஆனால் அவள் மகள் குந்தவை ஒன்று செய்தாள். தஞ்சைப் பெருங்கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் எடுப்பித்தாள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தாயின் மடி கிடைக்காதவள் தாயின் உருவைச் செம்பில் வார்த்து வைத்துக்கொண்டாள் என்றே நான் எண்ணுகிறேன். இஃது என் எண்ணம், கல்வெட்டில் இல்லை.

விடுமுறை முடியுமுன் ஒரு நாள் விருத்தாசலம் சென்றேன். அக்காவும் உடன் வந்தார். கும்பிடுவதற்காக அன்று, கல்லைப் படிப்பதற்காக. பழைய பெயரில் திருமுதுகுன்றமாகிய அவ்வூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவள் அதே சோழர் குடும்பத்து மற்றொரு கைம்பெண்: செம்பியன்மாதேவி.

சுந்தரசோழனுக்கு இவள் பெரிய தாயார். மழவரையர் மகள், கண்டராதித்த சோழனின் தேவி. 957-ஐ ஒட்டிக் கணவன் மறைந்தபோது கையில் சிறு குழந்தை. அவள் தீயிற் புகவில்லை. மகனை வளர்த்தாள். அந்த மகனே பின்னர் உத்தமசோழன் என்ற பெயரில் அரியணை ஏறியவன். அவன் ஆட்சியிலும், அவனுக்குப் பின் 985-இல் முடிசூடிய இராசராசன் ஆட்சியிலும், ஏறத்தாழ 1001 வரை அவள் வாழ்ந்தாள். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லாக மாற்றினாள். ஆடுதுறை, குத்தாலம், திருநல்லம் என்று பட்டியல் நீளும். திருநல்லத்தில் கணவன் பெயராலேயே கோயில் எடுத்து, அவன் வழிபடும் உருவையும் செதுக்கச் செய்தாள். கோயில் கட்டினாள் என்பதற்காக நான் அவளைக் கொண்டாடவில்லை. அந்தக் கல்லுக்கும் நெய்க்கும் உழுதவன் அளந்த நெல்தான் விலை, அதை மறப்பதற்கில்லை. ஆயினும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒரு கைம்பெண்ணின் பெயர் மங்கலமான பெயராகக் கல்லிலே ஏறிக்கொண்டிருந்ததே! "தாலியறுத்தவள் முகத்தில் விழிக்காதே" என்று அவளிடம் எந்தப் புரோகிதன் சொன்னான்? எதிரில் வந்தால் சகுனத்தடை என்று எந்தச் சிற்பி உளியைக் கீழே வைத்தான்?

ஒரே குடும்பம், இரு தலைமுறை, இரு கைம்பெண்கள், இருவர் கையிலும் குழந்தை. ஒருத்தி எரிந்தாள், ஒருத்தி வாழ்ந்தாள். இதில் "தமிழ்க் குடியின் மரபு" எது என்று பெரியப்பா சொல்லட்டும்! உடன்கட்டை சோழ அரசியர் அனைவருக்கும் விதியாக இருந்ததில்லை. அதே வேளையில் வானவன்மாதேவியோடு அது முடிந்துவிடவுமில்லை. 1044-இல் இராசேந்திரன் பிரமதேசத்தில் மறைந்தபோது வீரமாதேவி தீப்புகுந்தாள். அவள் நீர்வேட்கை தணியத் தண்ணீர்ப்பந்தல் வைத்தான் அவள் உடன்பிறந்தான். நெருப்பில் இட்டுவிட்டுத் தண்ணீர் வார்க்கும் பாசம்! நம் நாட்டில் இந்தக் கொடுமை அரசர் காலத்தோடும் போகவில்லை. 1829-இல் வங்காளத்தில் சட்டம் தடுத்த பின்னும், 1987-இல் இராசசுத்தானத்துத் தேவராலாவில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி எரிந்தாள்.

கல்லூரியில் ஆங்கில வகுப்பில் 'மாக்பெத்' நாடகம் படித்தோம். கணவனைக் கொலைக்குத் தூண்டுகின்ற அந்தப் பெண்பேயை எல்லாரும் அறிவர். நாடகத்தை விட்டு வரலாற்றுக்குப் போனால் வேறொரு பெண் நிற்கிறாள். பெயர் குருவாக். அவள் முதற் கணவன் 1032-இல் ஐம்பது ஆட்களோடு எரித்துக் கொல்லப்பட்டான். ஆம், அங்கேயும் நெருப்பு! ஆனால் அவளை அதில் எவரும் தள்ளவில்லை. அவள் மாக்பெத்தை மணந்தாள். 1040 முதல் 1057 வரை ஸ்காத்துலாந்தை ஆண்ட அந்த மன்னனும் அவளும் சேர்ந்து, லாக் லெவன் தீவிலிருந்த துறவியர்க்கு நிலம் வழங்கினர். ஆவணத்தில் அரசி என்று அவள் பெயர் இருக்கிறது. மாக்பெத்துக்குப் பின் அரியணை ஏறியவன் அவள் முதற் கணவனுக்குப் பிறந்த மகன் லூலாக். வீரமாதேவி இங்கே தீயில் இறங்கிய 1044-இல், மறுமணம் செய்துகொண்ட கைம்பெண் அங்கே அரசியாக வீற்றிருந்தாள். மேலைநாடு உயர்ந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. கொலையும் பழிவாங்கலும் அங்கே குறைவில்லாமல் நடந்தன.

விருத்தாசலத்திலிருந்து திரும்பும் பேருந்தில் இவற்றையெல்லாம் அக்காவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகள் கண்ணுக்குத் தெரிகின்ற வரை அவர் பேசவில்லை. பிறகு, "தம்பி, நான் கோயில் கட்டவும் போவதில்லை, தீயில் விழவும் போவதில்லை. செம்பியன்மாதேவிக்கு நாடு இருந்தது. எனக்குத் தையல் இயந்திரம் இருக்கிறது. எனக்கு ஒரு துணை வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எந்த அரசியின் சான்றும் தேவையில்லை," என்றார். என் ஆராய்ச்சி முழுவதையும் அந்த நாலைந்து சொற்களில் அக்கா தள்ளிவைத்துவிட்டார். எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. பெரியப்பாவை வெல்ல நான் கல்வெட்டுத் தேடினேன். அக்காவின் விருப்பத்தை எத்தனை முறை கேட்டேன்?

திருமணம் ஆவணியில், புரோகிதரில்லாமல், 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற சுயமரியாதை முறையில் நடந்தது. பெரியப்பா வரவில்லை, பெரியம்மா வந்தார். தாமும் கைம்பெண்ணாகிய எங்கள் அத்தையின் கையைப் பிடித்து முன்வரிசையில் அமர்த்தியவரும் அவர்தான்.

அன்றிரவு அக்காவின் மகன் என் அருகில் படுத்திருந்தான். பேருந்தில் அவனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்! "மாமா, அந்த லூலாக் பையனைப் புது அப்பா நன்றாகப் பார்த்துக்கொண்டாரா?" என்றான்.

"அவருக்குப் பிறகு அவனே அரசனானான்," என்றேன்.

"அப்புறம்?"

அடுத்த ஆண்டே, 1058-இல் லூலாக் கொல்லப்பட்டான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை. "தூங்கு, நாளைக்கு அச்சகம் பார்க்கப் போகவேண்டும்," என்றேன்.