முதுகில் ஓர் ஊசி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். மகள் எந்த ஊரில் குடியிருந்தாலும் ஏழாம் எட்டாம் மாதத்தில் தாயிடம் வந்துவிட வேண்டும். என்னை என் தாயார் அப்படித்தான் அழைத்துக்கொண்டார். ஆகவே, கொழும்பில் வேலை பார்க்கும் என் மகள் கருவுற்ற செய்தி வந்ததும், திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் மூலை அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிட்டேன். அந்த அறையின் யன்னலைத் திறந்தால் துறைமுகத்து நீர் தெரியும். நல்ல காற்று வரும்.

அவள் அங்கே பெறவில்லை. அதற்குக் காரணம் ஓர் ஊசி.

என் மகளுக்கு ஊசி என்றால் பயம். "யாருக்குத்தான் பயமில்லை?" என்று கேட்பவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஏற்பூசி போடப் பாடசாலைக்கு வந்திருந்தார்கள். வரிசையில் தனக்கு முன்னே நின்ற பிள்ளையின் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்தவள் அவள். வளர்ந்து, கணக்காளராகி, தன்னிலும் மூத்தவர்களை வேலை வாங்கும் நிலைக்கு வந்த பிறகும், குருதிப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் முகம் வெளிறி வியர்த்துச் சாய்ந்துவிடுவாள்.

உளவியலாளர்கள் இதை ஏனைய அச்சங்களிலிருந்து வேறாக வைத்திருக்கிறார்கள். நாய்க்கோ உயரத்துக்கோ அஞ்சுபவருக்குக் குருதி அமுக்கம் ஏறும், நெஞ்சு படபடக்கும், ஆனால் மயக்கம் வருவதில்லை. குருதி, ஊசி, காயம் ஆகியவற்றுக்கு அஞ்சுவோர் பலருக்கு அமுக்கம் முதலில் ஏறிப் பின்னர் சடுதியாக விழுகிறது. இதயத் துடிப்பும் மெதுவாகிறது. மூளைக்குப் போகும் குருதி குறைய, ஆள் விழுகிறார். பெரும்பாலும் குடும்பவழி வருவது இது. ஆகவே "தைரியமாய் இரு பிள்ளை" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த உடலுக்கு அது விளங்காத மொழி.

ஆறாம் மாதத்தில், கொழும்பில் அவளைப் பார்த்துவந்த வைத்தியர் எபிடியூரல் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் ஊசி. அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது.

"அம்மா, முதுகிலே ஊசி எண்டா என்னால ஏலாது. நான் திருமலைக்கே வந்திடுறன்."

ஒரு தாய் மகிழ வேண்டிய வாக்கியம். முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டே சோறு உண்டவள் என்பதால் என் காதில் அது வேறு விதமாக விழுந்தது. அவள் வீட்டை நோக்கி வரவில்லை. ஊசியிடமிருந்து ஓடி வருகிறாள். எதை விட்டு ஓடுகிறோம் என்று அறியாமல் எடுக்கும் முடிவு எதிலே கொண்டுபோய் விடும் என்பதைச் செய்தியாளராக நிறையப் பார்த்தவள் நான். "முதலில் என்னவென்று அறிவோம். பிறகு நீ எதைச் சொன்னாலும் அதுதான் முடிவு" என்றேன்.

அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எவருக்காவது உதவலாம்.

எபிடியூரல் ஊசி சாதாரண ஊசியிலும் தடித்தது. நீளம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். ஆனால் முதலில் மெல்லிய ஊசியொன்றினால் தோலை விறைக்கச் செய்கிறார்கள். குத்தும் வலி அதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பின்னர் உணர்வது அழுத்தத்தைத்தான். ஊசி போகும் இடம் இடுப்பு மட்டத்தை அண்டியது. முண்ணாண் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், நம்மவர் அஞ்சுவதுபோல ஊசி அதைத் துளைப்பதில்லை. உறைக்கு வெளியே உள்ள ஒடுங்கிய இடைவெளியை எட்டியதும், நூல் போன்ற ஒரு பிளாஸ்ரிக் குழாயை உள்ளே விட்டுவிட்டு ஊசியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மருந்து அந்தக் குழாய் வழியாகச் செல்கிறது. "ஊசி உள்ளேயே இருக்குமா?" என்பதுதான் என் மகளின் பெரிய கேள்வி. இல்லை என்ற விடை கிடைத்த அன்று அவள் குரல் சற்று மாறியிருந்தது.

தீமைகளையும் மறைக்காமல் கேட்டோம். குருதி அமுக்கம் குறையலாம். நடுக்கமும் அரிப்பும் வரலாம். பிரசவ நேரம் சற்று நீளலாம். சிலருக்கு ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் விறைக்காமல் போகும். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு உறையில் துளை விழுந்து கடுமையான தலையிடி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. நிலையான நரம்புப் பாதிப்பு மிக அரிது. அயலவர் சொன்ன இரண்டு அச்சங்களுக்கும் விடை கிடைத்தது. 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குகொண்ட 40 ஆய்வுகளைத் தொகுத்து கொக்ரேன் அமைப்பு 2018 இல் வெளியிட்ட மீளாய்வு, எபிடியூரலால் சிசேரியன் கூடுவதற்கோ நீண்டகால முதுகுவலி வருவதற்கோ சான்றில்லை என்கிறது.

இன்னொரு செய்தி அவளைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. ஊசியே இல்லாத வைத்தியசாலைப் பிரசவம் என்று ஒன்று இல்லை. கையில் கனுலா ஏற்றுவார்கள். வலிக்குப் பெத்திடின் கொடுத்தால் அதுவும் ஊசி. குழந்தை பிறந்ததும் குருதிப் பெருக்கைத் தடுக்க ஒக்சிரோசின் ஊசி. தையல் போடுவதானால் அதற்கு முன் விறைப்பு ஊசி. திருமலைக்கு ஓடிவந்தாலும் ஊசி வாசலில் நிற்கும் என்பது தெளிவாயிற்று.

அப்படியென்றால் எபிடியூரலைத் திருமலையிலேயே போட்டுக்கொள்ளலாமே என்று வெளிநாட்டு வாசகர்கள் நினைக்கலாம். இலங்கையின் பெரும்பாலான அரச வைத்தியசாலைகளில் பிரசவ வலிக்கு எபிடியூரல் வழக்கமான சேவையாக இல்லை. அதற்கு மயக்கமருந்து நிபுணர் ஒருவர் இரவு பகலாகக் கிடைக்க வேண்டும். தாயின் அமுக்கத்தையும் சிசுவின் இதயத் துடிப்பையும் விடாது பார்க்க ஆள் வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே நிபுணர்கள் போதாத நாட்டில் பிரசவ விடுதி காத்திருக்க வேண்டியதாகிறது. ஆகவே தெரிவு இதுதான்: இங்கே தாய்வீடும் அம்மம்மாவும் கடற்காற்றும், அங்கே, 260 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்புத் தனியார் வைத்தியசாலையும் முதுகில் ஊசியும்.

என் தாயாருக்கு வயது 84. அவர் கட்சி வெளிப்படையானது. "நாங்கள் எல்லாம் பெறேல்லையோ? வலியைத் தாங்கிப் பெத்தால்தான் பிள்ளையிலே பாசம்."

இந்த நியாயம் நம்முடையது மட்டுமன்று. 1847 இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபோம் கொடுத்தபோது, வலி இயற்கையின் ஏற்பாடு என்றும் இறைவனின் கட்டளை என்றும் எதிர்ப்பு எழுந்தது. 1853 இல் விக்ரோறியா மகாராணி தம் எட்டாவது பிள்ளையைப் பெறும்போது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியரிடம் குளோரோபோம் பெற்றார். அதன் பிறகு மறுப்பவர் குரல் தணிந்தது. எபிடியூரலின் கதை 1921 இல் பிடெல் பஹேஸ் என்ற ஸ்பானிய இராணுவ வைத்தியரின் கட்டுரையோடு தொடங்குகிறது. இரண்டே ஆண்டுகளில் அவர் வீதி விபத்தில் இறந்துபோனதால் அந்தக் கண்டுபிடிப்புச் சில காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வலியைக் குறைக்க வழி பிறந்த ஒவ்வொரு தடவையும், அதைத் தாங்கியே ஆகவேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

நானும் தாங்கியவள்தான். 1996 இல் இதே ஊரில் என் மகளைப் பெற்றேன். போர்க்காலம். இரவில் வீதியில் இறங்குவதே பயம். பொழுது சாயும் முன்பே விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து வந்தவர்கள். பத்தொன்பது மணித்தியாலம் வலித்தது. மருத்துவிச்சி ஒருவர் என் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி இரவெல்லாம் நின்றார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த வலி என் பாசத்தைக் கூட்டியதாக எனக்கு நினைவில்லை. விடிந்து பிள்ளையைக் கையில் தந்தபோது, பார்க்கக் கண் திறக்க முடியாத அளவுக்குக் களைத்திருந்தேன் என்பதுதான் நினைவு. எனக்கு முன்னால் அன்று இரண்டு வழிகள் இருக்கவில்லை. இருந்த ஒரே வழியில் நடந்ததைத் துணிவு என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

இதை மகளிடமும் சொன்னேன். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஒன்பது நாட்களுக்குப் பின் அவள் அழைத்து, "போட்டுப் பார்க்கிறன் அம்மா. நீங்கள் கொழும்புக்கு வாங்கோ" என்றாள்.

எஞ்சிய வாரங்கள் பயிற்சியில் கழிந்தன. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஒஸ்ற் என்ற உளவியலாளர் 1980களில் தம் சகாக்களோடு வகுத்த முறை ஒன்று உண்டு. கை கால் தசைகளை 10 முதல் 15 வினாடி வரை இறுக்கி, முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் தளர்த்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இறுக்குவது. இப்படி ஐந்து தடவை. விழப்போகும் அமுக்கத்தை அது தாங்கிப் பிடிக்கிறது. அவள் தன் வைத்தியரிடம் கேட்டு, வயிற்றை இறுக்காமல் செய்தாள். குருதி எடுக்கும்போது படுத்துக்கொண்டாள். தோலை விறைக்கச் செய்யும் களிம்பை முன்கூட்டியே பூசச் சொன்னாள். மயக்கமருந்து நிபுணரை முன்னரே சந்தித்து மூன்று கோரிக்கைகள் வைத்தாள்: ஊசியை எனக்குக் காட்ட வேண்டாம், செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்துங்கள்.

வலி கண்டது ஒரு பின்னிரவில். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. மருமகன் என்னை அனுப்பினார். கனுலா ஏற்றும்போதே அவளுக்கு முகம் வெளிறி அமுக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில் இடப்பக்கம் சரித்துக் கிடத்தினார்கள். இத்தனை வாரப் பயிற்சியும் வீண் என்று எனக்குத் தோன்றியது. நிபுணர் ஒரு பெண். என் மகளிலும் சில வயதே மூத்தவராக இருக்கலாம். அவர் அவசரப்படவில்லை. அவள் முகத்தில் நிறம் திரும்பும்வரை நின்று, "இப்பவும் வேணுமா? வேண்டாம் எண்டாலும் பிழையில்லை. வேறை வழி பார்ப்பம்" என்றார்.

அடுத்த வலி வந்து, ஏறி, இறங்கியது. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நகம் பதிய இறுகின. பிறகு அவள் சொன்னாள்: "போடுங்கோ."

கட்டில் விளிம்பில் இருத்தி, இறாலைப் போல முதுகை வளைக்கச் சொன்னார்கள். அசையக்கூடாது. வலி வரும்போது நிபுணர் கையை நிறுத்திக் காத்திருந்தார். அது தணிந்ததும் தொடர்ந்தார். "இப்ப குளிரும்... இப்ப சின்னதாய்க் குத்தும்... இப்ப அமத்திறன்." அவள் என் தோளில் முகம் புதைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. இருபது நிமிடத்தில், கருவியின் தாளில் வலி மலைபோல ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, "இது என்ரையா அம்மா?" என்று கேட்டாள். இடப்பக்கம் சரியாக விறைக்காததால் குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கால்கள் கனத்தன, உடல் நடுங்கியது. ஆனாலும் அவள் இரண்டு மணித்தியாலம் உறங்கினாள். மாலை 4 மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, 2.9 கிலோகிராம். கண் திறந்து, சிரித்து, அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு அம்மம்மாவோடு பேசினாள். "நொந்ததோ பிள்ளை?" என்று கேட்டார் என் தாயார். "கொஞ்சம்தான் அம்மம்மா." மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நல்லது. எங்களை அப்ப ஒருத்தரும் வேணுமோ எண்டு கேக்கேல்லை" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. 1940களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பதை அண்டி நிற்கிறது. வீடு வீடாக நடந்த மருத்துவிச்சிகளும் இலவச வைத்தியமும் ஈட்டிய சாதனை அது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் துறைமுகத்தின் அக்கரைப் பெண்களும் படகுக்குக் காத்திராமல் வந்து சேர்கிறார்கள். உயிரைக் காப்பதில் இவ்வளவு தூரம் வந்த நாடு வலியைப் பற்றியும் இனி கேட்கலாம். நலமாக உள்ள பெண் வலி நிவாரணம் கேட்டால், அவள் விருப்பத்துக்கேற்ப எபிடியூரல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்திருக்கிறது. என் மகளுக்கு அது கிடைத்தது அவள் சம்பளத்தால். மூதூரிலும் தோப்பூரிலும் வலி காணும் பெண்ணுக்கு அது சம்பளத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. வேண்டாம் என்று சொல்பவளும் கேட்கப்பட்ட பின்பே அதைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தொன்று கழிந்து தாயும் பிள்ளையும் திருமலைக்கு வந்தார்கள். சரக்கரைத்த பத்தியக் கறி இப்போது தினமும் என் தாயாரின் மேற்பார்வையில் வேகிறது. இதை வாசிப்பவர்களின் வீட்டில் ஊசிக்கு மயங்கும் பெண் எவராவது கருவுற்றிருந்தால் ஒரு வேண்டுகோள்: முதலாவது கிளினிக்கிலேயே அதை மருத்துவிச்சியிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. பழகுவதற்கு மாதங்கள் இருக்கின்றன.